தீராத் தலைவலியும் நரம்புத் தடுப்பு ஊசியும்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவும் தொழிலாளிக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தலை வலிக்கிறதென்று வீட்டில் தங்கினால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே, இரண்டு மாத்திரைகளை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார். மறுநாளும் அவ்வாறே செய்கிறார். இவ்வாறு மாதங்கள் கழிகின்றன, வலியோ கழிவதில்லை. இத்தகையோர் அறிந்துகொள்ள வேண்டிய சிகிச்சை ஒன்றை இப்பாடத்தில் காண்போம்.

நாட்பட்ட தலைவலி எது?

மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அந்நிலை 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால், அதனை மருத்துவர்கள் நாட்பட்ட தலைவலி என்பர். ஒற்றைத் தலைவலி முற்றி இவ்வாறு ஆவதுண்டு. கழுத்தெலும்பிலும் தசையிலும் தோன்றும் கோளாறு தலைக்கு ஏறுவதுமுண்டு. தாழ்ந்த வெட்டைக் குனிந்தும், உயர்ந்த வெட்டை அண்ணாந்தும் சீவுகின்ற நம்மவர்க்குக் கழுத்து ஓயாமல் உழைக்கின்றது. விளக்கின் பட்டையை இறுக்கிக் கட்டுவதும் தலைவலி தரும். பட்டையைச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பது செலவில்லாத முதல் வைத்தியமாகும்.

மருந்தே நோயாவது எப்படி?

சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ 3 மாதங்களுக்கு மேலாக உட்கொண்டால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். பல மருந்துகள் கலந்த மாத்திரையாயின் 10 நாள்களே போதும். மாத்திரையின் வேகம் தணிந்ததும் வலி மீண்டும் எழுகிறது. மீண்டும் மாத்திரை தேவைப்படுகிறது. இச்சுழலிலிருந்து மீள்வதற்கு மருத்துவரின் துணை வேண்டும்.

நரம்புத் தடுப்பு ஊசி என்றால் என்ன?

பல் பிடுங்குமுன் ஈறு மரத்துப் போவதற்கு ஊசி போடுவதை நாம் அறிவோம். அதே இன மருந்துதான் இங்கும் பயன்படுகிறது. 1884ஆம் ஆண்டில் வியன்னா நகரில் கார்ல் கோலர் என்னும் மருத்துவர், கோக்கேய்ன் மருந்தினால் கண்ணை மரக்கச் செய்து, வலியின்றி அறுவை செய்ய வழி கண்டார். 1943இல் சுவீடன் நாட்டு வேதியியலார் நீல்ஸ் லோஃப்கிரென், அதனினும் பாதுகாப்பான லிடோகேய்ன் மருந்தை உருவாக்கினார். இன்றும் மருத்துவமனைகளில் வழங்குவது அம்மருந்தே.

கழுத்தின் மேற்புறத்திலிருந்து புறப்படும் ஒரு நரம்பு, பின்மண்டை வழியாக உச்சி நோக்கி ஏறுகின்றது. இதனைப் பின்மண்டைப் பெருநரம்பு எனலாம். மருத்துவர் பின்மண்டைத் தோலைத் தூய்மை செய்து, மெல்லிய ஊசியால் இந்நரம்பின் அருகே மருந்தைச் செலுத்துவார். சிலருக்கு அழற்சி தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தையும் சேர்ப்பார். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், மயக்கம் கொடுப்பதில்லை.

நெற்றியில் வலிக்க, பின்மண்டையில் ஊசி ஏன் என்று கேட்கலாம். தோட்டத்தின் இரு பாதைகள் ஒரே சந்தியில் கூடிப் பெருஞ்சாலையை அடைவது போல, முகத்து நரம்பின் செய்தியும் பின்மண்டை நரம்பின் செய்தியும் மூளையின் அடிப்பகுதியில் ஒரே இடத்தில் கூடுகின்றன. ஒரு பாதையில் நெரிசலைத் தடுத்தால் சந்தியும் ஓய்வு பெறுகிறது.

மரத்த தன்மை சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். வலித் தணிவோ சில நாள் முதல் சில வாரம் வரையில், சிலருக்கு அதனினும் கூடுதலாக நீடிக்கலாம். எல்லார்க்கும் பலிக்கும் என்பதற்கில்லை. இது நோயை வேரறுக்கும் மருந்தன்று. மாத்திரையைக் குறைக்கவும், உடலைத் தேற்றவும் கிடைக்கும் அவகாசம் எனக் கொள்க.

அச்சமும் எச்சரிக்கையும்

ஊசி மூளைக்குள் செல்லுமோ என்று சிலர் அஞ்சுவர். அது மண்டையோட்டுக்கு வெளியே, தோலுக்கு அடியில் நின்றுவிடுகிறது. குத்திய இடத்தில் வலி, சிறிது இரத்தக் கசிவு, சற்றுத் தலைசுற்றல் ஆகியவை தோன்றலாம். ஸ்டீராய்டு சேர்ந்தால் அவ்விடத்தில் முடி உதிர்வதும், நீரிழிவுக்காரர்க்குச் சர்க்கரை ஏறுவதும் உண்டு. ஆகவே நீரிழிவு, கருப்பம், முன்பு நடந்த தலை அறுவை, மருந்து ஒவ்வாமை, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பின் சிறிது நேரம் அமர்ந்திருந்து, தலைசுற்றல் இல்லையெனத் தெளிந்த பின்னரே புறப்படுக. மோட்டார் சைக்கிளைத் தாமே ஓட்டாது, உடன் ஒருவரை அழைத்துச் செல்வது நலம்.

எங்கே செல்வது?

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்க. வலி வந்த நாள், நேரம், விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை ஒரு மாதம் குறித்து வைத்து, அக்குறிப்பைக் காட்டுக. தேவையெனக் கண்டால், மருத்துவர் நிபுணரிடம் அனுப்புவார். செபராங் பிறைத் தோட்டத்து அன்பர்கள் ஜார்ஜ் டவுனில், ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பினாங்கு மருத்துவமனையை நன்கறிவர். 2008இல் நம் சுகாதார அமைச்சு, வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக ஏற்றது. நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் போல, வலியையும் கேட்டறிந்து குறிக்க வேண்டும் என்பது இதன் பொருள். எனவே, வலியைச் சொல்வதற்கு நாணவேண்டாம்.

ஊசிக்குக் காத்திராத தலைவலி

திடீரென இடிபோல் வந்த கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், பார்வைக் குறைவு, தலையில் அடிபட்டபின் வலி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தோன்றிய வலி ஆகியவை ஆபத்தின் அறிகுறிகளாகலாம். இவற்றுக்கு மாத்திரையும் தைலமும் போதா. புதிதாகத் தோன்றிய வலியாயின் தாமதமின்றி மருத்துவரைக் காண்க. ஏனையவற்றுக்கு 999 எண்ணை அழைத்து, உடனே மருத்துவமனை சேர்க.

பயிற்சி

1. மாதத்தில் எத்தனை நாள் வலித்தால் அது நாட்பட்ட தலைவலி?
2. சென்ற மாதம் நீங்கள் எத்தனை நாள் வலி மாத்திரை உண்டீர்கள்?
3. நெற்றி வலிக்குப் பின்மண்டையில் ஊசி போடுவது ஏன்?

இரண்டாவது வினாவுக்குரிய விடையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் உங்களைக் கேட்கப்போகும் முதல் வினாக்களுள் அதுவும் ஒன்று.