வெளிநாட்டுப் பணமும் பக்கத்து வீட்டுக் கிணறும்



வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தை உலகிலேயே அதிகமாகப் பெறும் நாடு இந்தியா. 2022-ல் மட்டும் 11,100 கோடி டாலருக்கு மேல் வந்தது. அதில் எங்க அப்பா குவைத்திலிருந்து அனுப்பியதும் சேர்த்திதான். இந்தப் பணம் நம் மண்ணையும் தண்ணீரையும் என்ன செய்கிறது என்று எழுதுகிறேன்.

முதலில் நல்லது. முன்பெல்லாம் அப்பத்தா கண்மாய்க்குள் போய் சீமைக்கருவேல விறகு வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டு வரும். அடுப்பு ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கும். கேஸ் வந்ததும் புகை போச்சு. ஆனால் அப்பா போனபிறகு வயலை உழ ஆள் இல்லை. தரிசாகக் கிடந்த வயலில் கருவேலம் ஏறிவிட்டது. இப்போது விறகுக்கு வெட்டுவாரும் இல்லை.

நேபாளத்திலும் ஆண்கள் வெளிநாடு போனதால் மலைவயல்கள் தரிசாயின. அங்கே பல இடங்களில் காடு திரும்பி வந்தது. 1992-ல் நாட்டில் 26 சதவீதமாக இருந்த காடு 2016-ல் 45 சதவீதம் ஆனது. பணம் மட்டும் காரணம் இல்லை. 1993-ல் வந்த வனச் சட்டப்படி ஊர்மக்களே குழுவாகச் சேர்ந்து காட்டைக் காத்தார்கள். நம் கண்மாய்க்கு அப்படி யாரும் இல்லையே!

அடுத்தது வீடு. செங்கலுக்கு வயலின் மேல்மண் போகிறது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. இதெல்லாம் அறிவியல் பாடத்தில் படித்ததுதான்.

எனக்கு உறுத்துவது தண்ணீர். வீடு கட்டும்போது நாங்கள் 400 அடிக்கு போர் போட்டோம். தெருவில் வெளிநாட்டுப் பணம் வந்த வீடெல்லாம் போட்டார்கள். கிணற்றில் ஊறுவது மேலே உள்ள மண்ணிலும் இளகிய பாறையிலும் நிற்கும் தண்ணீர். போர் அதற்குக் கீழே பாறை வெடிப்பில் இருந்து இழுக்கும். கீழே இழுக்க இழுக்க மேலே நிற்பதும் வெடிப்பு வழியே இறங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கிணற்றில் நான் மூன்றாவது படிக்கும்போது வாளியில் இறைத்திருக்கிறேன். இப்போது சித்திரையில் அடிமண் தெரிகிறது. அவர்கள் வீட்டில் வெளிநாடு போனவர் யாரும் கிடையாது. எங்கள் குழாயில்தான் பிடிக்கிறார்கள், அதுவும் கேட்டுக் கேட்டு.

அப்பா பணத்தைக் குறை சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். நான் போட்டிருக்கும் கண்ணாடியே அந்தப் பணத்தில் வாங்கியதுதான்.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. எங்கள் மாடியிலும் குழாய் இருக்கிறது, ஆனால் தண்ணீர் தெருவில்தான் விழுகிறது. போன வாரம் அப்பா போனில் பேசியபோது, ஜல்லியும் மணலும் போட்ட தொட்டியில் வடிகட்டி அதைப் பெரியம்மா கிணற்றில் விடலாமா என்று கேட்டேன். "கிணறு அவுங்களுதாச்சே, முதல்ல அவுங்கட்ட கேளு ஆத்தா" என்றார். கேட்டேன். பெரியம்மா சரின்னு சொல்லிட்டாங்க. குழாய் எவ்வளவு வேண்டும் என்று நானும் தம்பியும் கிணற்றுக் கயிற்றாலேயே அளந்தோம். 42 அடி வந்தது.