தாம்பரத்தில் ஆப்பிள் விளையுமா?

சமவெளியிலும் காய்க்கும் என்று கூறி ஆப்பிள் ஒட்டுக்கன்று விற்போர் உளர். நூலின் நம்பர் அறியாமல் பாவு ஓடும் நெசவாளி உண்டோ? அதுபோல, மரத்தின் இயல்பை அறிந்த பின்னரே அங்கத்தினர்கள் பணம் செலவிடுதல் வேண்டும்.

உதாரணமாக, கிராவன்ஸ்டைன் என்னும் ஆப்பிளை எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கின் தென் ஜட்லாந்துப் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயரே இதற்கு வழங்குகிறது. 2005-ஆம் ஆண்டில் இது அந்நாட்டின் தேசிய ஆப்பிளாக அறிவிக்கப்பட்டது. இனிப்பும் புளிப்பும் கலந்த சுவையும் நறுமணமும் உடையது. அப்படியே தின்னவும், வேகவைத்துக் கூழாக்கவும் ஏற்றது.

இதற்குக் குறைகளும் உண்டு. பழம் நெடுநாள் தாங்காது. இதன் மகரந்தம் பிற மரங்களைக் காய்க்கச் செய்யும் ஆற்றலற்றது. ஆதலின் வேறு வகை ஆப்பிள் மரங்களும் அருகில் இருத்தல் அவசியம்.

எல்லாவற்றினும் முக்கியமானது குளிர். ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிர் பல நூறு மணி நேரம் கிட்டினாலன்றி மொட்டுகள் சீராக விழிப்பதில்லை. தாம்பரத்தில் சனவரி இரவிலும் வெப்பம் 20 பாகையளவில் நிற்கிறது. இஸ்ரேலில் தோன்றிய 'அன்னா' வகைக்குக் குளிர் குறைவாகவே போதும். எனினும் அச்சிறு அளவும் இங்குக் கிட்டுவதில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் 'பார்லின்ஸ் பியூட்டி' என்னும் வகை பயிராவது அம்மலையின் குளிரால்தான். ஆகவே, இங்கு ஆப்பிள் கன்று வைப்பவர் இலையைக் காணலாம். விளைச்சலை நம்பி முதலிடுதல் தகாது.

தின்னவும் சமைக்கவும் ஒருங்கே உதவும் கனி வேண்டுமெனில், நமது கிளிமூக்கு மாங்காய் இருக்கிறது. காயாக இருக்கையில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னலாம், பச்சடிக்கும் ஊறுகாய்க்கும் ஆகும், கனிந்தால் கூழாகும். கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகள் பெரிதும் இவ்வகையையே வாங்குகின்றன.

ஆயினும் ஒன்று நினைவிருக்கட்டும். டென்மார்க்கு ஆப்பிளாயினும் நம் மாங்கனியாயினும், பழுத்தபின் காத்திராது. தனித்து விற்பவன் அன்றைய விலைக்குக் கட்டுப்பட்டவன். காயைத் தரம் பிரித்துச் சங்கத்தின் மூலம் சேர்த்து விற்பதும், மிஞ்சியதை ஊறுகாயாக்குவதுமே உழைப்புக்கேற்ற ஊதியம் பெறும் வழியாகும்.

பயிற்சி வினாக்கள்:
1. ஆப்பிள் மரத்திற்குக் குளிர் எதற்கு?
2. விரைவில் கெடும் கனியை விற்பதில் சங்கம் எவ்வாறு உதவும்?