திராட்சையின் நலம் பழத்தில், மதுவில் அன்று

சமயநல்லூரிலும் மதுரையிலும் நாம் வாங்கி உண்ணும் கருநிறப் பன்னீர்த் திராட்சைக்குப் பெயர்பெற்ற இடம் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கு விளையும் பழம் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நம்மில் பலர் இதன் சதையை மட்டும் உண்டு, தோலைத் துப்பிவிடுகின்றோம். பழத்திற்குக் கருநிறம் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமியும், ரெஸ்வெரட்ரால் என்னும் பொருளும் அத்தோலில்தான் மிகுதி. விதையில் துவர்ப்புப் பொருள்கள் உள்ளன. ஆய்வுக்கூடச் சோதனைகளில் இவை உயிரணுக்களைச் சிதைவினின்று காக்கின்றன. எனினும், ரெஸ்வெரட்ரால் மனிதரின் நோயைத் தீர்க்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

இப்பொருள்களைக் காட்டி, திராட்சை மது இதயத்திற்கு நல்லது என்னும் கருத்து 1990களில் உலகெங்கும் பரவியது. நம் பிள்ளைகளும் இதனைக் கேட்கக்கூடும். ஆனால், மதுவில் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவுபடுத்தியது. மது விலக்கலை இல்லறத்தாரின் மூலகுணங்களுள் ஒன்றாகக் கொண்ட நமக்கு இது புதிய செய்தி அன்று. மதுவில் உள்ளனவாகப் புகழப்படும் அப்பொருள்கள் பழத்திலேயே இருக்கின்றன.

ஆகவே, பழத்தை நீரில் பலமுறை கழுவி, வடிகட்டிச் சாறாக்காமல், தோலோடு மென்று உண்போம். 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 16 கிராம் சர்க்கரை உண்டு. நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேட்டு அளவறிந்து உண்பாராக.