செல்போன் செயலியும் கடை மார்க்காவும்



மார்க்கா என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மூட்டை இறக்கும் தொழிலாளி சாக்கின் மேலுள்ள மைக்குறியைப் பார்த்தே இது எந்த ஆலைச் சரக்கு என்று சொல்லிவிடுவார். தீப்பெட்டியைக் கம்பெனிப் பெயர் சொல்லாமல் அதன்மேல் உள்ள படத்தைச் சொல்லி வாங்கிய வாடிக்கையாளர்களை நாம் அறிவோம். செல்போன் செயலியில் வரும் ஐகான் எனும் சிறு படங்களுக்கும் இதே வேலைதான். ஆயினும், சொந்தமாகச் செயலி செய்துகொள்ள முன்வரும் நம் உறுப்பினர்கள் விலைப்பட்டியல், டெலிவரி, பணம் செலுத்தும் வழி எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, படங்களை மட்டும் செய்து தருபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். நாமும் அப்படித்தான் விட்டோம்.

காரைக்கால்மேட்டில் படகுகளுக்கு ஐஸ், கயிறு, மிதவை, மளிகை கொடுக்கும் கடை நம்முடையது. வெளியூர் நிறுவனம் ஒன்று செயலி செய்து தந்தது. ஐஸுக்கு அவர்கள் போட்டிருந்த படம் ஆறு கிளையுள்ள பனிப்பூ. நம் கடற்கரையில் பனிப்பூவைக் கண்டவர் யார்? பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ என்றே பலர் நினைத்தார்கள். இது சிரிப்போடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை. பெரிய அங்காடிகளில் தள்ளிச் செல்லும் கூடைவண்டிப் படம் ஒன்று மூலையில் இருந்தது. விசைப்படகு உரிமையாளர் ஒருவர், 'வண்டி அனுப்பு' என்று அதற்குப் பொருள் கொண்டு, சரக்கைத் தேர்ந்து அதை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். சரக்கு கூடையில் சேர்ந்ததே தவிர ஆர்டர் நமக்கு வரவில்லை. ஐஸ் போகவில்லை, அன்றிரவு படகும் போகவில்லை. பதினோரு வருட வாடிக்கை மறுநாள் கணக்கை முடித்துக்கொண்டது. அவர்மேல் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை.

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் காரணம் புரியும். 1981இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கணினியும், 1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷும் மேலை நாட்டு அலுவலக மேசையைத் திரையில் வரைந்தன. தாள், கோப்புறை, குப்பைக்கூடை எல்லாம் அந்த மேசையைச் சேர்ந்தவை. அந்த மேசையில் உட்கார்ந்தவருக்கு அவை பழக்கம். வலை பின்னுகிறவருக்கு ஏன் பழக்கமாக இருக்க வேண்டும்?

நம் நாட்டில் இதைவிடப் பெரிய பாடம் 1951-52 முதல் பொதுத்தேர்தலில் நடந்தது. அப்போது எழுத்தறிந்தவர் 100க்கு 18 பேர் அளவே. ஆகவே காளை, விளக்கு, குடிசை என்று எவரும் அன்றாடம் காணும் பொருள்களைத் தேர்ந்து சின்னமாகக் கொடுத்தார்கள். பின்னாளில் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த இந்திராணி மேதி குழுவினர், வீட்டு வேலை செய்யும் பெண்களிடம் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். கழுவுதொட்டியை மட்டும் வரைந்தால் அது தொட்டிதான். குழாயிலிருந்து நீர் விழுவதாக வரைந்தால்தான் பாத்திரம் கழுவும் வேலை என்று புரிந்துகொண்டார்கள். பொருளுக்கு ஒரு படம், செயலுக்கு வேறொரு படம் என்ற இந்த வேறுபாட்டில்தான் நமது கூடைவண்டியும் கவிழ்ந்தது.

மீனவருக்கென்றே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த 'ஃபிஷர் ஃபிரெண்ட்' செயலி அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் இடம், கடல் எல்லை எச்சரிக்கை முதலியவற்றைத் தமிழிலேயே தருகிறது. செயலி செய்யப் போகும் அன்பர்கள் முதலில் இதுபோன்ற ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு வடிவமைப்பாளரிடம் பேசலாம்.

இனி அளவு விஷயம். விரல் படும் இடம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் சதுரமாவது இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இதை 48 டிபி என்பார்கள். ஈரக் கைக்கும் கீறல் விழுந்த திரைக்கும் இன்னும் பெரிதாக இருந்தால் நல்லது. பிளே ஸ்டோருக்குத் தரும் முகப்புப் படம் 512க்கு 512 பிக்சல். அவ்வளவு பெரிதாகப் பார்த்து மயங்க வேண்டாம்; போனில் அது கட்டைவிரல் நகமளவுதான். கடையின் முழுப் பெயரையும் அதில் திணித்தால் எறும்பு ஊர்ந்தது போலிருக்கும். நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஆண்கள் சிலர் எந்த ஊரிலும் உண்டு. உச்சி வெயிலில் கரையில் நின்றால் எல்லோருக்கும் அதே கதிதான். படத்தின் அடியில் தமிழ்ச் சொல் கட்டாயம் வேண்டும்.

சோதனைக்குப் பணம் செலவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். படத்தைத் தாளில் அச்சிட்டு, அடியிலுள்ள சொல்லை மறைத்து, "அண்ணே, இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். "இது ஐஸ்தானே?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மீன் விற்கும் அக்காமார்களையும் விட்டுவிடாதீர்கள். நம் கடையில் படங்களைத் தயங்காமல் குறை சொன்னவர்கள் அவர்களே.

அவ்விதம் கேட்டுத்தான் பனிப்பூவை எடுத்துவிட்டு, கொக்கி மாட்டிய ஐஸ் பாரை வரையச் சொன்னோம். கூடைவண்டி போய் மஞ்சப்பை வந்தது. 'ஆர்டர் அனுப்பு' என்பதற்கு, சரக்கேற்றிய மினிவேன் ஓடுவது போல் பின்னால் இரண்டு கோடுகள். பாக்கிக் கணக்குக்கு மட்டும் படம் அமையவில்லை. சிவப்பு அட்டைப் பேரேட்டின் மேல் ரூபாய்க் குறி போட்டுப் பார்த்தோம். பணம் கட்டும் இடம் என்றார்கள் சிலர். நாலு பேர் பார்க்கும் போனில் கடனைப் படம் போட்டுக் காட்டுவதா என்று முகம் சுளித்தார்கள் சிலர். அந்த இடத்தில் 'கணக்கு' என்ற சொல்லை மட்டும் வைத்திருக்கிறோம்.