அப்பா அம்மா வீட்டு டிஷ்ஷை மாற்றப் போகிறீர்களா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மொட்டைமாடியில் நிற்கும் பழைய டிஷ்ஷை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் போன்ற புயலில் டிஷ் சற்றே திரும்பியிருந்தாலும் படம் உடையும். மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கான ஜிசாட்-15 செயற்கைக்கோள் நமக்குத் தென்கிழக்கில், ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அந்தத் திசையைத் தென்னை மறைக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் வெடித்த கேபிளையும் துருவேறிய இணைப்பு முனைகளையும் மாற்றுங்கள்.

இப்போது இணைப்பு தரும் அதே நிறுவனத்தின் எச்டி பாக்ஸ் என்றால் பெரும்பாலும் பழைய டிஷ்ஷே போதும். பழைய டியூப் டிவியில் எச்டிஎம்ஐ இருக்காது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் செருகும் வசதியுள்ள பாக்ஸாகக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட ரிமோட்தான் முக்கியம். வயதானவர்கள் இரண்டு ரிமோட்டோடு அல்லாடக் கூடாது; டிவியையும் சேர்த்து இயக்கும் ஒரே ரிமோட்டாக இருக்கட்டும். அவர்கள் பார்க்கும் சேனல் எண்களைக் கொட்டை எழுத்தில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டுங்கள். கட்டண இணைப்பு என்றால் ரீசார்ஜ் நினைவூட்டல் உங்கள் செல்லுக்கு வரும்படி எண்ணை மாற்றிவிடுங்கள். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்று சொல்லிவையுங்கள். படம் வரவில்லை என்றால் அப்பா மாடி ஏற வேண்டாம், ஆளைக் கூப்பிடட்டும்.