தைலம் தடவும் முன்

மூணாறு மலையில் தேயிலைத் தோட்டம். முத்துமாரி நாள் முழுவதும் கொழுந்து எடுத்தாள். இரவு முதுகு வலித்தது. தைலம் தேய்த்தாள். இதமாக இருந்தது.

மடியில் கைக்குழந்தை. சளியால் மூக்கடைத்து அழுதது. அதன் மூக்கிலும் தைலம் தடவப் போனாள்.

"தடவாதே, முத்து!" பக்கத்து லயத்துக் கமலாக்கா தடுத்தார். அவர் ஆஷா பணியாளர். "இதில் கற்பூரம் இருக்கிறது. பிள்ளைக்கு மூச்சுத் திணறும். வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம்."

"எனக்கு வலி குறைந்ததே, அக்கா?"

"புதினா உப்பும் தைலமர எண்ணெயும் இதில் உண்டு. தடவினால் தோல் குளிரும். வலி தெரியாது. ஆனால், வலிக்குக் காரணம் அப்படியே இருக்கும்."

முத்துமாரி டப்பாவை மூடினாள். உயரத்தில் வைத்தாள். கையைக் கழுவினாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். காலையில் சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

நினைவில் வையுங்கள்:

1. 2 வயது நிரம்பாத குழந்தைக்குத் தைலம் தடவாதீர்கள்.

2. புண்ணிலும், கண், வாய் அருகிலும் தடவாதீர்கள்.

3. தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். தோல் புண்ணாகும்.

4. ஒரு வாரமாகியும் வலி தீரவில்லையா? மருத்துவரைப் பாருங்கள்.

5. நெஞ்சு வலித்தால் தைலம் தேடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.