துணி டயபருக்கு ஊக்கா, நாடாவா, வெல்க்ரோவா?

பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன அப்பாவை வீட்டில் வைத்து நான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டோம். இரவுக்குக் கடை டயபர், பகலுக்குத் துணி டயபர் என்று வழக்கப்படுத்திக்கொண்டோம். பழைய வேட்டியில் தைக்கலாமா, பூத்துண்டில் தைக்கலாமா, எத்தனை மடிப்பு வைப்பது என்றெல்லாம் சொல்லித்தர ஆள் இருந்தது. அதை இடுப்பில் எதைக் கொண்டு நிறுத்துவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. எதை மாட்டுவது என்று யோசிக்கும் முன், எங்கே மாட்டுவது என்று பாருங்கள். இடுப்பின் பக்கவாட்டு எலும்பும் வால் எலும்பும் படுக்கையில் அழுந்தும் இடங்கள். அங்கே முடிச்சோ பட்டனோ ஊக்கோ வரவே கூடாது. தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வயிற்றின் முன்பக்கம்தான் சரியான இடம். முதல் மாதத்தில் நாங்கள் நாடாவைப் பக்கவாட்டில் கட்டினோம். ஒருநாள் மத்தியானம் துணி மாற்றும்போது அப்பாவின் வலது இடுப்பில் முடிச்சு அச்சு அசலாகப் பதிந்து சிவந்திருந்தது. அது உணர்ச்சி குறைந்த பக்கம். அவருக்கு வலிக்கவே இல்லை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கறுத்தோ, சூடாகவோ, கட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

2. ஊக்கு இருந்தால் தையலே வேண்டாம். எந்தத் துணியையும் எந்த உடம்புக்கும் பொருத்திவிடலாம். ஆனால் புடவைக்குக் குத்தும் சின்ன ஊக்கு இதற்கு ஆகாது. நாலைந்து மடிப்பில் வளைந்து வாய் திறந்துவிடும். இரண்டு அங்குலத்துக்குக் குறையாத, துருப்பிடிக்காத எஃகு ஊக்காக, தலையில் பிளாஸ்டிக் பூட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவின் வால்டர் ஹண்ட் 1849இல் காப்புரிமை பெற்ற ஊக்கிலேயே நுனியை மூடும் தலை இருந்தது. அந்தத் தலை தளர்ந்த ஊக்கை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

3. சர்க்கரை நோயால் உடம்பு மரத்துப்போனவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், கைகால் உதறுபவர், நினைவு தடுமாறியவர் ஆகிய இவர்களுக்கு ஊக்கு வேண்டவே வேண்டாம். குத்தியது பலருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கோ ரத்தம் சட்டென்று நிற்காது.

4. ஊக்கு குத்தும்போது உங்கள் இடது கை துணிக்கும் அவர் தோலுக்கும் நடுவே இருக்கட்டும். குத்தினால் நம் விரலில் குத்தட்டும். படுக்கைவசமாகக் குத்துங்கள், நுனி வயிற்றைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கட்டும். துணியில் ஏறாமல் முரண்டு பிடித்தால், உலர்ந்த சோப்புக் கட்டியில் இரண்டு முறை குத்தி எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஊக்குகளை ஒரு டப்பாவில் எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தால் கிடைக்கும்வரை மெத்தையில் தேடாமல் அவரைத் திரும்பப் படுக்க வைக்காதீர்கள்.

5. ஒரே ஆளாகத் துணி மாற்றுபவர்களுக்கு வெல்க்ரோதான் கைகொடுக்கும். ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒட்டிவிடலாம். நம் ஊர் நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொள்வதைப்போல், நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு செடியின் காயைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் இதைச் செய்தார். 1955இல் காப்புரிமையும் வாங்கினார். பெரியவர்களுக்கு இரண்டு அங்குல அகலம் தேவை. மிருதுவான பட்டையை முன்பக்கம் நீளமாகத் தையுங்கள். வயிறு உப்பினாலும் உடம்பு வற்றினாலும் அதற்கேற்பத் தள்ளி ஒட்டிக்கொள்ளலாம். சொரசொரப்பான துண்டு மிருதுவான பட்டைக்குள் முழுக்க அடங்க வேண்டும். ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் தொடையை அராவிவிடும். நான்கு பக்கமும் தையல் போடச் சொல்லுங்கள்.

6. வெல்க்ரோவை ஒட்டி மூடிய பிறகுதான் துவைக்கப் போட வேண்டும். திறந்து போட்டால் மற்ற துணிகளைக் கிழிக்கும், நூலையும் முடியையும் வாரிக்கொண்டு பிடிப்பை இழக்கும். சேர்ந்த பஞ்சைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்காதீர்கள், மேலே இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள். சூட்டில் நைலான் உருக்குலைந்துவிடும்.

7. டிச் பட்டனில் பிளாஸ்டிக்கே நல்லது. உலோகப் பட்டன் மூத்திர ஈரத்தில் துருப்பிடிக்கும், சிலருக்கு அரிக்கும். பக்கத்துக்கு மூன்று வரிசை வைத்தால் அளவு மாற்றலாம். பின்னால் கனமான ஒட்டுத்துணி வைக்காவிட்டால் பட்டன் துணியோடு பிய்ந்து வரும்.

8. நாடாதான் மலிவு, துவைத்தாலும் காய்ச்சினாலும் ஒன்றும் ஆகாது. பாவாடை நாடாவில் அகலமானதாக வாங்குங்கள், மெல்லிய கயிறு சதையை அறுக்கும். உருவு முடிச்சு மட்டும் போடுங்கள். நனைந்த நாடாவில் விழுந்த கடும் முடிச்சை அவசரத்தில் அவிழ்க்க முடியாது. முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று கட்டிலருகே இருக்கட்டும்.

9. எதைப் போட்டாலும் இடுப்பில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். படுக்கையில் சரியாக இருந்தது உட்கார வைத்ததும் இறுகும். உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை விரல் விட்டுப் பாருங்கள்.

10. சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தால், அது எந்தப் பட்டைக்கும் நாடாவுக்கும் அடியில் நசுங்காமல் தொடையின் மேலே போக வேண்டும். குழாய் இருக்கும் இடத்தில் ஊக்கு கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும் அன்று ஊக்கு, உலோகப் பட்டன் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

11. நினைவு தடுமாறியவர்கள் டயபரை இழுத்து இழுத்துப் பிரிப்பார்கள். கோபம் வரும், தெரியும். அதற்காகக் கைக்கு எட்டாமல் முதுகுப் பக்கம் பூட்டிவிடாதீர்கள், அது அவரைக் கட்டிப்போடுவதேதான். ஈரமா, அரிப்பா, இறுக்கமா என்று முதலில் பாருங்கள். பாதி நேரம் காரணம் அங்கேதான் இருக்கும். மேலே லுங்கியோ பாவாடையோ கட்டிவிட்டால் கை சும்மா இருக்கும்.

12. ஒரேயடியாகப் பத்து தைத்துவிடாதீர்கள். ஒன்றைத் தைத்து ஒரு வாரம் போட்டுப் பார்த்து, துவைத்து, காயவைத்துப் பிறகு மிச்சத்துக்குத் துணி வெட்டுங்கள். நாங்கள் நாடாவில் தொடங்கி, ஊக்குக்கு வந்து, கடைசியில் வெல்க்ரோவில் நின்றோம். தெருமுனைத் தையல்காரரிடம் இடது பக்கப் பட்டையின் நுனியில் ஒட்டாத துணியாக ஓர் அங்குலம் விட்டு, பிடித்து இழுக்க வாகாகத் தைத்து வாங்கினேன். அப்பாவுக்குப் பேச்சு சரியாக வராது. நனைந்தால் சொல்லத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். அந்த நுனி வந்த பிறகு இடக்கையால் அவரே பட்டையைப் பர்ரென்று பிரித்துவிடுவார். அடுப்படியில் இருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுவிடும்.